எலுமிச்சம்பழம் ஓடிய பந்தயம்

அன்று காலை அந்தத் தைலமரத் தோப்பில் பிள்ளைகள் மட்டும் ஓடவில்லை. ஓர் எலுமிச்சம்பழமும் ஓடியது. பிள்ளைகளைப் பார்க்க வந்த கூட்டத்தைவிடப் பழத்தைப் பார்க்க வந்த கூட்டம்தான் பெரிது.

தொண்ணூற்றாறாம் வருடம். பெங்களூருக்கு வெளியே, பள்ளிகளுக்கிடையேயான கிராஸ் கன்ட்ரி ஓட்டப்போட்டி. தோப்பு, மேடு, ஏரிக்கரை என்று சுற்றி ஓட வேண்டும். அதற்கு மூச்சு வேண்டும், கால் வேண்டும், மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதெல்லாம் எதற்கு, நான் இருக்கிறேன் என்று வந்து உட்கார்ந்திருந்தார் வாயு சித்தர்.

வாயு பகவானையே வசப்படுத்தியவராம். முன்பு அத்திபெலே சந்தையில் எத்திராஜ் என்ற பெயரில் வயிற்று வாயுவுக்கு மாத்திரை விற்றவர். ஆக, வாயுவோடு பழைய தொடர்பு உண்டு.

முன்னால் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதன் நடுவே பழத்தை வைத்து, உள்ளங்கையால் மூடி ஏதோ முணுமுணுப்பார். கையை எடுத்தால் பழம் தானாக ஓடும்! சுற்றி நிற்கும் பிள்ளைகளில் யார் பக்கம் ஓடுகிறதோ அவருக்கு வெற்றி நிச்சயம். காணிக்கைத் தட்டில் நோட்டு விழுந்தால் பழத்துக்கு உற்சாகம் வந்துவிடும். சில்லறை விழுந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆள் பார்த்து ஓடத் தெரிந்த பழத்தில் தெய்வாம்சம் இல்லாமலா போகும்?

கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினியர் சீனிவாசராகவன் தன் மகனுக்காக முதல் வரிசையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எல்லாத்துக்கும் சயின்ஸ்ல ஆன்சர் இல்ல சார்" என்று பக்கத்தில் இருந்தவருக்கு உபதேசம் வேறு. பிரேசர் டவுன் மாணவி பிரிஜெட்டின் அம்மா, ஜெபமாலையை முந்தானையில் மறைத்துக்கொண்டு நோட்டை வைத்தாள். மூடத்தனம் என்று வந்துவிட்டால் நம் மக்களுக்குள் மதபேதமே கிடையாது. பழம் பிரிஜெட்டின் பக்கம் விறுவிறுவென்று ஓடியது.

அடுத்து வந்தாள் ஆஸ்டின் டவுன் அம்புஜம். ஆபீஸ்களில் தரை துடைப்பவள். அவள் மகள் சிந்துதான் போன வருடம் பிரிஜெட்டை முந்தியவள். இந்த முறை முதல் ஆறு பேருக்கு விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, படிப்பு. அது தவறினால் சிந்துவின் படிப்பு இந்த வருடத்தோடு சரி. அம்மாவோடு துடைப்பம் தூக்க வேண்டியதுதான். அம்புஜம் சில்லறையைப் போட்டாள். பழம் சிந்துவுக்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் ஓடியது.

"இன்னிக்கு இவ ஓடினா வழியில விழுவா. கால் ஒடியும். பெரிய பரிகாரம் பண்ணணும்" என்றார் சித்தர்.

பரிகாரத்துக்கு அம்புஜம் எங்கே போவாள்? மகளின் சட்டையில் குத்தியிருந்த செஸ்ட் நம்பரைப் பிடுங்கினாள்.

"அம்மா, விடும்மா! நான் ஓடறேன்மா!"

"கால் போச்சுன்னா யாருடி உன்னப் பாத்துக்கறது? சும்னே பேசாம வா, வீட்டுக்குப் போலாம்."

சிந்து விம்மினாள். சுற்றி நின்றவர்கள் "பாவம், அவ நேரம்" என்று உச்சுக்கொட்டினார்கள். ஓட்டத்தை வேடிக்கை பார்க்க வந்த எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பெண்ணின் படிப்பை ஓர் எலுமிச்சம்பழம் தீர்மானிக்கிறது, படித்தவர்கள் தலையாட்டுகிறார்கள்!

தலையாட்டாத ஒருத்தி இருந்தாள். பிரிஜெட்.

"ஆன்ட்டி, அவ ஓடணும். அவ இல்லாம நான் ஜெயிச்சா எனக்கு என்ன மரியாத?"

"உன் பக்கந்தான் பழம் ஓடிச்சே கண்ணு. உனக்கென்ன பேஜாரு?" என்றாள் அம்புஜம்.

பிரிஜெட் ஓரத்தில் நின்ற ஜூஸ் வண்டிக்கு ஓடிப்போய் ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

"சாமி, இத ஓட வைங்க."

சித்தர் தயங்கினார். பக்தர்களே மாட்டிவிட்டார்கள்: "வைங்க சாமி, சின்னப் பொண்ணு ஆசப்படுது!" வேறு வழியில்லாமல் வைத்தார், மூடினார், முணுமுணுத்தார், கையை எடுத்தார். பழம் அப்படியே உட்கார்ந்திருந்தது. சர்பத்துக்கென்று காய்த்த பழம், அதன் வேலை அதற்குத் தெரியும்.

"கண்டவங்க கை பட்ட பழம். தீட்டு" என்றார் சித்தர். "சரிதான், சரிதான்" என்றது கூட்டம்.

"அப்ப உங்க பழத்தையே வைங்க. மந்திரம் மட்டும் சொல்லாதீங்க" என்றாள் பிரிஜெட்.

சித்தர் தன் பழத்தை வைத்து மூடிக்கொண்டு சிரித்தார். "மந்திரம் இல்லேன்னா இதுவும் வெறும் பழந்தான் மகளே. ஒரு அங்குலம் நகராது!" பேச்சு சுவாரசியத்தில் இரண்டு கைகளையும் விரித்தார்.

கை விலகியதுதான் தாமதம், பழம் கிளம்பிவிட்டது. மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தாம்பாளத்தின் விளிம்பில் ஏறி, மறுபக்கம் மல்லாக்க விழுந்தது. அடியில் ஓட்டை. ஓட்டைக்குள் ஆறு கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. பிரிஜெட் எடுத்து உதறினாள். கொழுத்த சாணி வண்டு ஒன்று வெளியே விழுந்தது. அதன் தலையைச் சித்தர் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாரோ அந்தப் பக்கம் அருள்!

அன்றைய முதல் ஓட்டத்தைத் தொடங்கியவர் சித்தர்தான். தாம்பாளத்தைக்கூட எடுக்கவில்லை.

அம்புஜம் செஸ்ட் நம்பரை மகளின் சட்டையில் திரும்பக் குத்தினாள்.

"ஓடு. விழுந்தா எழுந்து ஓடு."

சிந்து விழவில்லை. மூன்றாவதாக வந்தாள். பிரிஜெட் ஐந்தாவது; மறுபடியும் தோற்றதில் அவளுக்குக் கடுப்புதான். முதலில் வந்தவள் பார்கவி என்ற பெண். பஸ் தாமதமாகி, சித்தரைப் பார்க்க நேரமே இல்லாமல் நேராக ஓட வந்தவள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது சீனிவாசராகவன் புல்லை விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடறீங்க?" என்றேன்.

"அந்த வண்டுதான். எத்தன பேர் கும்பிட்ட வண்டு! ராசியா இருக்கும் சார்."

வண்டு எப்போதோ தோப்புக்குள் போய்விட்டிருந்தது. பழத்துக்குள் அடைத்து வைத்தபோதும் அது தன் காலை நம்பித்தான் ஓடியது. சாணி வண்டுக்கு இருக்கும் நம்பிக்கைகூட நமக்கு நம் தலைமேல் இல்லையென்றால், அந்தத் தலை இருந்தென்ன, கன்னத்தில் போட்டுக்கொள்ள மட்டும்தானா?