ஸ்பெயினில் எனக்கு விருப்பமில்லை என்பது பற்றி

விபோர்க், டென்மார்க்
08.03.1989, புதன்

அன்புள்ள மைத்துனர் அந்தோனிதாசன் அவர்களுக்கு,

ஆண்டவர் அருளால் நான் சுகம். ரொறன்ரோவில் உம்முடைய குடும்பமும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இப்படி எழுதுவது முறை என்பதால் எழுதினேன். உண்மையில் நான் சுகமில்லை, நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. நாளை காலை பத்து மணிக்கு, வெளிநாட்டவர் அலுவல்களைப் பார்க்கிற கந்தோருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. காரணம் எழுதவில்லை. காரணம் எனக்குத் தெரியும். உம்முடைய தங்கை, என் மனைவி விக்ரோரியாவை இங்கே கூப்பிட நான் போட்ட விண்ணப்பம், இரண்டு வருடமாக அசையாமல் கிடந்தது, என் கையாலேயே கெட்டுப்போய்விட்டது.

"டென்மார்க் போனால் ஆறு மாதத்தில் மனுசியைக் கூப்பிடலாம்" என்று சொன்னவர் நீர். எங்கள் கலியாணப் படத்தில் என்னை மறைத்துக்கொண்டு நின்றவரும் நீர்தான். இரண்டையும் நான் மறக்கவில்லை. சரி, விசயத்துக்கு வாறன்.

கியர்ஸ்டன் என்று ஒரு டெனிஷ் அம்மா, விண்ணப்பம் என்ன ஆச்சு என்று கேட்கும் கடிதங்களை எல்லாம் எனக்குத் தட்டச்சு செய்து தருகிறவ. தை மாதம் வந்து, மாலைப் பள்ளியில் ஸ்பானிஷ் வகுப்பு இருக்கு, ஒன்பது பேர்தான் சேர்ந்திருக்கினம், பத்து இல்லாவிட்டால் வகுப்பு இல்லை, நீ வாறியோ எண்டா. மாட்டன் எண்டால் அடுத்த கடிதத்தை ஆர் தட்டுறது? சேர்ந்தன்.

போன மாதப் பாடம், இனிமேல் எனக்கு என்ன பிடிக்கும் எண்டு சொல்லுறது. "மே குஸ்தாரியா" எண்டு தொடங்க வேணும், எனக்கு விருப்பமாயிருக்கும் எண்டு அர்த்தம். ஒருத்தி கடற்கரையிலை படுக்க விருப்பம் எண்டாள், ஒரு கிழவர் மத்தியானத்திலை வைன் குடிக்க விருப்பம் எண்டார், ஒருத்தரும் பயப்பிடேல்லை. நான் இஞ்சை வந்த புதிசிலை பொலிஸ் விசாரணையிலை வாய் திறந்து சொன்னதெல்லாம் ஃபைலிலை ஏறினதைக் கண்டவன். யோசிச்சு யோசிச்சு, "என்ரை மனுசி இஞ்சை வாறது விருப்பம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" எண்டு கேட்டன். "நீ ஒண்டு செய்ய விரும்புறதுதான் இந்தத் தவணைப் பாடம். இன்னொராள் வரவேணும் எண்டு விரும்புறது அடுத்த தவணை" எண்டா ரீச்சர். மற்ற ஒன்பது பேரும் என்னையே பார்க்க, தெரிஞ்ச சொல்லைப் பொறுக்கி, "எனக்கு ஸ்பெயினிலை வாழ விருப்பம், அங்கை வெயில்" எண்டு எழுதிக் குடுத்திட்டன்.

அந்தத் தாளை என்ரை பேரோடை, படத்தோடை நூலகச் சுவரிலை ஒட்டிப்போட்டினம். வகுப்புக்கு விளம்பரமாம். என்ரை ஃபைலைப் பார்க்கிற கந்தோர் அம்மா சனிக்கிழமையிலை அங்கைதான் புத்தகம் எடுக்கிறவ. ஸ்பெயினுக்குப் போக ஆசைப்படுறவனுக்கு டென்மார்க்கிலை எதுக்கு மனுசி எண்டு கேக்க மாட்டாவோ? போன சனி கதவு திறக்க முன்னமே போய் நிண்டு, உள்ளை ஓடித் தாளைக் கழட்டினன். நூலகப் பெண் கண்டிட்டா. ஏசப்போறா எண்டு பார்த்தால், "ஊருக்கு அனுப்பப் போறீங்களோ? எவ்வளவு பெருமை!" எண்டு சொல்லி எனக்கு ஒரு போட்டோக் கொப்பி எடுத்துத் தந்து, அசலை வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டா. இப்ப தெருவாலை போறவனும் வாசிக்கிறான். என்னோடை அறையிலை இருக்கிற தவராஜா, "அண்ணை, மாடு பிடிக்கவோ போறியள்? சிவப்புத் துணி ஒண்டு வாங்கித் தரட்டோ?" எண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான்.  

நாளைக்கு இல்லை எண்டு சொன்னால் அதை விக்ரோரியாவுக்கு நீர்தான் எழுத வேணும். கொழும்பு லொட்ஜிலை தனிய இருக்கிறாள். என்ரை பிழை எண்டு எழுதாதையும், ஸ்பானிஷ்காரரின்ரை பிழை எண்டு எழுதும்.

மருமக்களுக்கு என் ஆசீர். உம்முடைய மனைவிக்கு என் வணக்கம். உமக்கும், முறைக்காக.

இப்படிக்கு,
அ. கிறிஸ்துநாயகம்

பி.கு. வியாழன். இதை இன்னும் தபாலிலை போடேல்லை. கந்தோர் அம்மா அந்தத் தாளைக் காணவே இல்லை. விக்ரோரியாவுக்கு அனுமதி கிடைச்சிட்டுது! ஓடிப்போய்க் கொழும்புக்கு ரெலிபோன் கோல் எடுத்தன்.  "இஞ்சாருங்கோ, எனக்குக் கனடாதான் விருப்பம். எங்கை போக விருப்பம் எண்டு அண்ணை கேட்டு எழுதினவர்" எண்டாள். இரண்டு வருசமா அவளுக்கு எத்தினை கடிதம் எழுதினன், உனக்கு எது விருப்பம் எண்டு ஒருக்காலும் நான் கேக்கேல்லை, மச்சான். கலியாணப் படத்தை நான் மறந்திட்டன். அவளை இஞ்சை வரச்சொல்லி நீர் ஒரு வரி எழுதும். அடுத்த தவணைப் பாடம் வரைக்கும் என்னாலை பொறுக்கேலாது.