கப்பல் அண்ணாச்சி சீனாவில் இருந்த நாள்

வாசற்படி தாண்டாமல் உலகத்தைப் பல தடவை சுற்றி வந்த மனிதர், எனக்குத் தெரிந்து, கப்பல் அண்ணாச்சி ஒருவர்தான்.

கப்பலில் வேலை பார்த்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். படகில்கூட ஏறியதில்லை, தண்ணீரைக் கண்டாலே தலை சுற்றும். திருக்கொச்சி சர்க்கார் இருந்த நாட்களில் நாங்கள் இருவரும் ஒரே ஆபீசில் குமாஸ்தாக்கள். கிழக்கேகோட்டைப் பக்கம் அடுத்தடுத்த வீடு.

சாயங்காலமானால் அண்ணாச்சி தன் கையாலேயே தேயிலை போடுவார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மச்சினன் கொண்டுவரும் ஒரே தூள்தான். எலுமிச்சை பிழிந்தால் ருஷ்யா. வெண்ணெயும் உப்பும் போட்டால் திபெத். பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஊறுகாய்க் கிண்ணத்தில் ஊற்றினால் சீனா. குடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிவிடுவார்.

ஒருநாள் சித்திரைப் புழுக்கத்தில் கம்பளி போர்த்தி, வியர்வை கொட்ட உட்கார்ந்திருந்தார்.

"காய்ச்சலா அண்ணாச்சி?"

"சத்தம் போடாதயும் ஓய். பனி சரிஞ்சிரும்."

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

அவர் மனைவியை நான் மதினி என்பேன். மதினி ஒரு படி மேல். அண்ணாச்சி லீவு போட்டுக் காலையிலேயே சீனா கிளம்பிவிட்ட ஒருநாள், புதிதாக வந்த மலையாளித் தபால்காரர் ரிஜிஸ்தர் கவரோடு வந்து நின்றார்.

"சார் எவிடெ?"

"அவிய சீனாவுல இருக்காவ," என்றார் மதினி, கீரை உருவிக்கொண்டே.

"சைனாவிலோ! எப்ப வரும்?"

"என்னத்தச் சொல்ல? ரெண்டாவது கிண்ணமும் ஊத்தியாச்சு."

தபால்காரர் தலையைச் சொறிந்தார். கவர் மேல் 'ஆள் சைனாவில்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்குள் இருந்தது அண்ணாச்சி இரண்டு வருடமாகக் காத்திருந்த கடிதம். மகள் கோமதியைப் பெண் பார்க்க வருவதாகத் திருநெல்வேலியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா எழுதியது. பத்தாம் நாள் அவரே அந்தக் கவரோடு வந்தார். நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போகாமல், விசாரிக்க என் வீட்டுக்கு வந்தார்.

"ஏன்வே, ஆளு சீனாவுலயாம்லா? குடும்பத்த விட்டுட்டு ஓடிட்டாரா?"

"இல்லையே. இன்னைக்கு ஆபீசுல பார்த்தேனே."

"அப்ப இப்ப எங்க இருக்காரு?"

பதில் சொல்லத் தொடங்கி நானே குழம்பிப்போனேன். "வியாழக்கிழமைல்லா... திபெத்தா இருக்கும்."

அவர் என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அழைத்துப் போனேன். அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். வந்தவர் யாரென்று தெரிந்ததும் எழுந்து, கம்பளி தடுக்கிச் சுவரைப் பிடித்தார். கதவுக்குப் பின்னால் கோமதி அழும் சத்தம் கேட்டது. மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னார்.

"எங்கயும் போக நமக்குத் தைரியம் கெடையாது. ஆசை மட்டும் உண்டு. அதான் இப்படி," என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வந்தவர் கீழே கிடந்த கம்பளியை எடுத்து நாற்காலியில் போட்டார். பிறகு கேட்டார்: "பர்மா போடுவீரா?"

"போட்டதில்லியே."

"ரங்கூன்ல கடை வச்சிருந்தேன்வே. குண்டு விழுந்தப்போ எல்லாத்தையும் விட்டுட்டு நடந்தே வந்தேன். அடுக்களை எங்க?"

தூளைக் கறுக்கக் கறுக்கக் கொதிக்கவிட்டு, பாலைச் சுண்டக் காய்ச்சி, இரண்டு தம்ளர் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். அண்ணாச்சியும் மூடினார்.

"ஆத்தங்கரைத் தெரு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. உம்ம கடை எது?"

"இடது பக்கம், மூணாவது."

"தொறந்துதான் இருக்கு," என்றார் அண்ணாச்சி.

வந்தவரின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆவணியில் கல்யாணம்.

மறுவருடம் எனக்கு டில்லியில் வேலை கிடைத்தது. முதல் குளிர்காலத்தில், பேச ஆளில்லாத அறையில் இருந்தபோது, அண்ணாச்சியிடமிருந்து கார்டு வந்தது. 'நேற்று டில்லி வந்திருந்தேன். உம்மைப் பார்த்தேன். மெலிந்துவிட்டீர் ஓய். நேரத்துக்குச் சாப்பிடும்.'

திரும்பத் திரும்பப் படித்தேன். வந்தவரை ஒருநாள்கூடத் தங்க வைக்காமல் விட்டுவிட்டேனே என்றுதான் அன்று முழுக்க வருத்தமாக இருந்தது.