ரெண்டு பேருக்கு மேல் தாங்காது

இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு ஏன் கொடுக்க முடியாது என்று காரணம் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருடமாக அதிலேயே ஊறியவர். வீடு எரிந்துபோனவரிடம் புகை எந்தப் பக்கம் போனது என்று கேட்பார். காரை இடித்துக்கொண்டவரிடம் இடிப்பதற்கு முன் என்ன யோசனையில் இருந்தீர்கள் என்று கேட்பார். அலுவலகத்தில் அவருக்கு நிபந்தனையார் என்று பெயர். அது தனக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு திங்கட்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் சோதனை வந்தது. மனைவியின் அண்ணனுக்கு இதே ஊருக்கு மாற்றலாகியிருக்கிறதாம். வாடகை வீடு அமையும்வரை ஒரு மாதம் இங்கேதானாம். அண்ணன், அண்ணி, இரட்டைப் பெண் குழந்தைகள், ஆக நாலு பேர்.

மைத்துனர் உடற்பயிற்சி ஆசிரியர். போன தடவை எட்டு நாள் தங்கினார். எட்டு நாளும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தங்கை வீட்டுக்காரரை எழுப்பி, "வயிறு கடவுள் குடுத்தது மாப்பிள்ளை, தொப்பை நீங்களா சேர்த்தது" என்று சொல்லி மொட்டைமாடியில் குனியவைத்தார். ஒன்பதாம் நாள் நிபந்தனையார் நிமிர முடியாமலேயே அலுவலகம் போனார். மேலாளர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு பாராட்டினார்.

வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் மனைவியிடம் 'வேண்டாம்' என்ற சொல்லை அவர் கடைசியாக எந்த வருடம் பயன்படுத்தினார் என்பது அவருக்கே நினைவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். சத்தம் போடமாட்டாள். எதையும் பேசாமல் சோதித்து, முடிவை மட்டும் சொல்கிற ஜாதி. ஆகவே மறுக்கவும் வேண்டும், மறுத்தது வேறு யாராகவாவது இருக்கவும் வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கழிவறை கைகொடுத்தது.

மழைக்காலம். தண்ணீரை ஊற்றினால் உள்ளே போகாமல் நின்று, யோசித்து, கொப்பளித்தது. வீட்டுக்குப் பின்னால் நடந்தால் செருப்பைப் பூமி பிடித்து வைத்துக்கொண்டது. மனைவி செப்டிக் டேங்க் வேலை செய்கிறவரை வரச்சொன்னாள். புதன்கிழமை அவர் வந்தபோது வீட்டில் நிபந்தனையார் மட்டும்தான் இருந்தார். வந்தவர் நீளமான துளைக்கருவி ஒன்றைத் தோட்டத்து மண்ணில் திருகி இறக்கினார். ஒன்றரை அடியிலேயே மண் தண்ணி காட்டிவிட்டது.

"டேங்க்ல தெளிஞ்சு வர்ற தண்ணி, ஓட்டைக் குழாய் வழியா மண்ணுல ஊறணும் சார். இங்க குழாயே நிலத்தடித் தண்ணிக்குள்ள படுத்திருக்கு. மண்ணு ஏற்கெனவே வயிறு முட்டக் குடிச்சிருக்கு, இன்னும் குடின்னா எங்க குடிக்கும்?"

இன்னும் ஆழமாகத் தோண்டிக் குழாயைப் போட்டால் என்ன என்று நிபந்தனையார் தன் அறிவைக் கொஞ்சம் செலவழித்தார்.

"அதுக்குப் பேரு கிணறு சார்," என்றார் வந்தவர் பொறுமையாக.

கீழே இடமில்லை, மேலேதான் போக வேண்டும் என்று அவர் விளக்கினார். தோட்டத்தில் இடுப்புயரத்துக்கு மணல் மேடு கட்டி, குழாய்களை அதன் தலையில் பதிக்க வேண்டும். சின்ன மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றினால், அது உலர்ந்த மணலில் மெல்ல இறங்கிச் சுத்தமாகி, அதன் பிறகு நிலத்தடி நீரைத் தொடும். மூன்று வாரத்தில் முடித்துவிடலாம். அதுவரை தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும், டேங்க் நிறைந்தால் லாரி வைத்து எடுத்துவிடலாம். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அதை அப்படியே ஒப்பிப்பதற்கு நிபந்தனையார் என்ன தபால்காரரா? சாயங்காலம் மனைவி வந்ததும் முகத்தைத் துக்க வீட்டுக்குப் போய் வந்தவர்போல வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கு மேல தாங்காதாம். மூணாவது ஆள் வந்தா அவர் பொறுப்பில்லையாம். மேடு கட்டி முடிக்க எப்படியும் ரெண்டு மூணு மாசம் ஆகுமாம். உன் அண்ணன் வரணும்னு எனக்கு மட்டும் ஆசையில்லையா?"

மனைவி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். கண்ணாடிச் சில்லில் தடவிய ரத்தத்தைப் பார்க்கிற பார்வை.

"அவரே சொன்னப்புறம் என்ன பண்றது," என்றாள். "அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

மைத்துனர் பள்ளி விடுதியில் ஒரு அறை பிடித்துக்கொண்டார். அவருடைய குடும்பம் பழைய ஊரிலேயே தங்கிவிட்டது. நிபந்தனையார் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தத் தூக்கம் சனிக்கிழமைவரை நீடித்தது.

சனிக்கிழமைதோறும் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளிகள் மூன்று பேர் வருவார்கள். அன்று வாசலிலேயே மனைவி அவர்களை மிகுந்த மரியாதையுடன் திருப்பி அனுப்பினாள். ஏன் என்று கேட்டவரிடம், "அவங்க மூணு, நாம ரெண்டு. அஞ்சாச்சே. தாங்காதுன்னு சொன்னீங்களே," என்றாள்.

மறுநாள் குளியலறை வாளியில் வெள்ளை டேப்பில் அளவுக்கோடுகள் முளைத்திருந்தன. முக்கால் வாளி அவளுக்கு, ரத்தத்தோடு பழகுகிறவள் அல்லவா. அரை வாளி அவருக்கு, காகிதத்தோடு பழகுகிறவர்தானே. சலவை இயந்திரத்துக்கு விடுப்பு. அவள் சீருடைக்கே வாரம் ஒருமுறைதான் முறை வந்தது என்றால் அவருடைய சட்டைகளின் கதி சொல்ல வேண்டியதில்லை. காலைக் காரியங்களை அலுவலகத்தில் முடித்துக்கொள்ளும்படி அவள் பணிவோடு கேட்டுக்கொண்டாள். ஏழு மணிக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவரைப் பார்த்து, வாசல் காவலாளி பதவி உயர்வா சார் என்று விசாரித்தார். பக்கத்து மேசைக்காரர் தன் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டார். நிலத்தடி நீர்மட்டம் உயர உயர, மனுஷரின் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது.

இரண்டாவது வாரம் அவரே ரகசியமாக செப்டிக் டேங்க்காரருக்குப் போன் போட்டு, கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சினார். திங்கட்கிழமை மணல் வருகிறது, மேடத்திடம் அன்றைக்கே தேதி சொல்லிவிட்டேனே என்றார் அவர். மேடம் அதைத் தன்னிடம் சொல்லவில்லையே என்ற யோசனை அரை வாளித் தண்ணீரில் வளர்ந்த மூளைக்கு எட்டவில்லை.

மணல் வந்தது. ஐந்தே நாளில் தோட்டத்தில் ஒரு குட்டி மலை எழுந்தது. குழாய்களைப் பதித்து, மண்ணைப் போர்த்தி, புல்லையும் நட்டார்கள். மோட்டார் சன்னமாக முனகியது. இனி நீங்களெல்லாம் மேட்டுக்குடி என்றார் எதிர்வீட்டுக்காரர். நிபந்தனையார் உள்ளே போய், தேவையே இல்லாமல் நாலு தடவை தண்ணீரைத் திறந்துவிட்டு அது போகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சீட்டாட்டக் கூட்டாளிகளுக்கு அழைப்பு விடுத்துவிட்டு, ஒரு முழு வாளியில் குளித்து வெளியே வந்தார்.

மனைவி துண்டை நீட்டினாள். "ஒரு விஷயங்க. மேட்டை ஆறு பேர் கணக்குக்குக் கட்டியிருக்காங்களாம். ரெண்டே பேர் இருந்தா தண்ணி பத்தாம மணல் காய்ஞ்சு பாழாயிடுமாம். முதல் ஆறு மாசமாவது ஆறு பேர் இருந்தே ஆகணுமாம். அண்ணன்கிட்ட சொன்னேன். பாவம், நமக்காக நாளைக்கே எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்னுட்டார்."

"யாரு சொன்னா இதை?"

"செப்டிக் டேங்க்காரர்தான். ரெண்டு பேருக்கு மேல தாங்காதுன்னு உங்ககிட்ட சொன்னாரே, அவரே."

இருபது வருட மூக்குக்கு மோசடி வாசனை தெரியாதா? துண்டோடு மேட்டுக்குப் பின்னால் போய் நின்று போன் போட்டார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார்," என்றார் அவர்.

நிபந்தனையாருக்கு உயிர் வந்தது. "அதை நீங்களே மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். இப்பவே."

"அதுக்கென்ன சார், சொல்றேன். ஆனா நான் குழி போட்டுப் பார்த்த அன்னைக்கு ராத்திரியே மேடம் எனக்குப் போன் பண்ணினாங்க. ரெண்டு பேருக்கு மேல தாங்காதுன்னு சொன்னீங்களா, ரெண்டு மூணு மாசம் ஆகுமான்னு கேட்டாங்க. அதையும் நான் சொல்லலைன்னு சொன்னேன். சிரிச்சுட்டு வச்சுட்டாங்க. இப்ப நான் எதைச் சொல்லணும் சார்?"

நிபந்தனையார் போனை அணைத்தார். காற்றில் துண்டு படபடத்தது. உள்ளேயிருந்து மனைவி, யாருங்க போனில் என்று கேட்டாள்.

"அவர்தான்," என்றார். "ஆறு பேர் கட்டாயம் வேணுமாம்."