பேட்டரி சாரின் புகையில்லாத கார்

தாம்பரத்தில் மின்சாரத்தில் ஓடிய முதல் வண்டி எலெக்ட்ரிக் ட்ரெயின். இரண்டாவது, எங்கள் தெரு பேட்டரி சாரின் கார். யாராவது மறுத்தால் சண்டைக்கு வருவேன்.

எண்பதுகளின் கடைசி அது. சார் லாரி பேட்டரி ரிப்பேர் கடை வைத்திருந்தார். பாதி நேரம் ஆகாயத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் மனைவிக்கு ஆஸ்துமா, பஸ் புகை பட்டாலே இழுக்கும். குன்றத்தூர் முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் நெடுநாள் ஆசை. அதற்காகவே ஒரு ஓட்டைக் காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் பேட்டரிகளும் வைத்தார். பின்சீட்டு முழுக்கப் பேட்டரிதான்.

அதைச் சார்ஜில் போட்டால் தெருவே மங்கும். ட்யூப்லைட் கண்ணடிக்கும், டிவியில் கதாநாயகன் குள்ளமாகிவிடுவான். வோல்டேஜ் குறைந்தால், தெருவுக்கு வரும் மூன்று ஃபேஸ் லைனில் எதில் கரண்ட் நன்றாக வருகிறதோ அதற்கு வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வது அப்போது வழக்கம். ஒரு ஞாயிறு மாலை, டிவியில் படம். எங்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று சார் காரை வேறு ஃபேசுக்கு மாற்றினார். அதே நிமிடம் அவரிடமிருந்து தப்பிக்க மொத்தத் தெருவும் அந்த ஃபேசுக்கே மாறியது. டிரான்ஸ்ஃபார்மரில் படாரென்று ஃபியூஸ் போயிற்று.

சைக்கிளில் வந்த லைன்மேன் காரைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா சார், தெரு கரண்ட்டையெல்லாம் இது ஒண்ணே குட்ச்சிக்கினு கீதே" என்றார். இனிமேல் சார்ஜ் போட்டால் கனெக்‌ஷனையே பிடுங்கிவிடுவேன் என்றும் சொன்னார்.

எனக்குப் படம் போன ஆத்திரம். "புகையே இல்லைன்னு பெருமையா சொல்றீங்க. பவர் ஹவுஸ்ல நிலக்கரி எரிச்சுத்தானே கரண்ட் வருது? புகை அங்க வருது, அவ்ளோதான்" என்றேன்.

"வாஸ்தவம் சார். ஆனா அங்க என் சம்சாரம் இல்லையே" என்றவர், சட்டென்று முகம் வாடிப்போனார். "அங்கயும் யாரோட சம்சாரமாவது இருப்பாங்க, இல்ல?"

ஒரு வாரம் காரைத் தொடாமல் அவர் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அடுத்த ஞாயிறு காலையிலிருந்து கார் சார்ஜ் ஏறிக் கிளம்பும் வரை ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி எதுவும் போட வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். லைன்மேனையும் சம்மதிக்க வைத்தேன். கத்திரி வெயிலில் தெருவே விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தது.

மதியம் மூன்று மணிக்குக் கார் கிளம்பியது. சத்தமே இல்லை. நடுத்தெருவில் படுத்திருந்த நாய்க்குக்கூடத் தெரியவில்லை, சார்தான் ஒதுக்கி ஓட்டினார். முன்சீட்டில் அந்த அம்மாள் ஜன்னலைத் திறந்துவைத்து, கண்ணை மூடி, நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கார் முனை திரும்பியதும் வீட்டுக்கு வீடு ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நான் மட்டும் போடவில்லை. அவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று வேண்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தேன்.