பன்னிரண்டு கடைப் பெட்டி அண்ணாச்சி

சங்கரன்கோவிலில் பெட்டி அண்ணாச்சியிடம் அஞ்சு நிமிஷம் பேச்சுக் கொடுத்துவிட்டு, கடையில் ஒரு பெட்டியை வாங்கி வைக்காமல் தப்பித்தவன் எவனும் கிடையாது. போட்டோ ஸ்டூடியோக்காரன் நான் மூணு நிமிஷத்திலேயே விழுந்தேன்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் அவர் தொழில். உயிரெல்லாம் அந்தப் பெட்டிகள் மேல்தான். எங்கள் பஜாரில் பன்னிரண்டு கடைகளில் டிபன் பாக்ஸ் அளவில் ஆளுக்கொன்று வைத்து, நெட்டில் கோத்துவிட்டார். ஒரு கடைக்காரர் போடும் ஃபைலை அவை துண்டு துண்டாக்கி, பூட்டுப் போட்டு, எல்லாக் கடையிலும் பிரித்து வைக்கும். ஏழு பெட்டி ஓடினால் போதும், முழு ஃபைலும் திரும்பக் கிடைத்துவிடும்.

“நம்ம படத்தை எவனோ ஒரு கம்பெனிக்காரன்ட்ட ஏன் வே குடுக்கணும்? நமக்குள்ளயே வச்சுக்கிடுவோம்!”

“மருந்துக்கடைக்காரர் பாத்துருவாரே அண்ணாச்சி?”

“அவருக்குக் கெடைக்கது ஒரு துண்டு. அதுல மூக்கு கூடத் தெரியாது வே!”

மருந்துக்கடைக்காரர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். ஜவுளிக்கடைக்காரரோ ஒருநாள் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு செல்லுக்குச் சார்ஜ் போட்டார். அன்றோடு அண்ணாச்சி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. கரிவலம்வந்தநல்லூர்க் கல்யாணம் மொத்தமும் அதற்குள். கேமரா கார்டையும் அழித்தாச்சு. கல்யாணப் பெண் அன்றைக்கே துபாய் கிளம்புகிறாள். நாலு மணிக்குப் படம் வாங்க வருவாள். மிச்சம் அண்ணாச்சியின் பெட்டிகளில் ஏற்றி வைத்ததுதான்; அவருக்குப் போன் போட்டேன். கல்யாணத்தைத் திரும்ப நடத்தவா முடியும்?

அண்ணாச்சி ஓடி வந்து பார்த்தார். ஓடுவது ரெண்டே பெட்டி, அவருடையதும் என்னுடையதும். நம்மூர்க்காரன் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டை மூணு தடவை இழுத்துப் பார்த்து, கும்பிட்டுவிட்டுத்தானே வீட்டுக்குப் போவான்? ஞாயிற்றுக்கிழமை பஜார் முழுக்க லீவு.

“இதை யோசிக்கலையா அண்ணாச்சி?”

“மிஷினைப் பூராவும் யோசிச்சேன். கடைக்காரனுவள விட்டுட்டேன். வண்டியில ஏறும் வே!”

பாத்திரக்கடைக்காரரைச் சர்ச் வாசலில் பிடித்தோம். மருந்துக்கடைக்காரரைப் பாதி சவரத்தில், சோப்பு நுரையோடு தூக்கி வந்தோம். கறிக்கடை வரிசையில் ரெண்டு கடைக்காரர்கள் சிக்கினார்கள். ஆக ஆறு. மற்றவர்கள் வெளியூர். உள்ளூரில் மிச்சம் ஜவுளிக்கடைக்காரர் மட்டும்தான்.

அவர் வீட்டு வாசலில் அண்ணாச்சியே செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய் நின்றார். அப்புறம் குரல் கொடுத்தார்.

“வே... தப்பு என் மேலதான். கடையைத் தொறந்துவிடும். இவரு பொழப்பு போயிரும்.”

அந்த மனுஷன் கட்டிய சாரத்தோடு, சட்டைகூடப் போடாமல், சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஏழாவது பெட்டியும் ஓட, மூணரைக்கு அண்ணாச்சி கம்ப்யூட்டரில் தாலிகட்டுப் படம் வந்துவிட்டது. நாலு மணிக்குப் பெண் சிரித்துக்கொண்டே படத்தை வாங்கிப் போனாள்.

பஜாரில் அண்ணாச்சியைக் கிறுக்கர் என்பார்கள். நானும் சொன்னவன்தான். இப்போது வேறு யாராவது சொன்னால், எனக்குச் சுருக்கென்று குத்துகிறது.