நட்சத்திரக் குறி போட்டவன் எழுதும் மன்னிப்புக் கடிதம்

அன்பு மருமகளுக்கு உன் மாமா எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். உன் அத்தை நலம். எம்பிராய்டரி மெஷினும் இப்போது நலம். அங்கே நீயும் என் மகனும் நலமாக இருக்க வேண்டும் என்பதோடு, இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டுதான் படிக்க வேண்டும் என்பதும் என் விருப்பம். ஏன் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய். காகிதத்தில் சிரித்தால் எனக்குக் கேட்காது.

நீ லீவு முடிந்து கிளம்பும்போது அத்தையின் தொழிலுக்காக கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற அந்த எடிட்டரை எவ்வளவு அழகாக அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனாய்! பெயர்களை வரிசையாக டைப் அடிக்க வேண்டியது, ஃபைல் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ‘தையல்’ என்று வால் போட வேண்டியது, கீபோர்டில் எஃப் ஒன்பதை அழுத்த வேண்டியது. மெஷின் தானாகத் தைக்கும். எந்த வால் உள்ள ஃபைலுக்கு எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்பதெல்லாம் செட்டிங்ஸில் எழுதியிருக்கிறது, "மாமா, அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்று வாசலில் செருப்பு மாட்டும்போதுகூட இரண்டு தடவை சொன்னாய். எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை அம்மா, கை வைக்கக்கூடாத இடம் எங்கே இருக்கிறது என்று ஏன் என்னிடம் காட்டினாய்?

விஷயம் இதுதான். கால்நடை மருத்துவமனையிலிருந்து அத்தைக்கு ஒரு ஆர்டர் வந்தது. பன்னிரண்டு வெள்ளைக் கோட்டு, எட்டுத் தொப்பி, எல்லாவற்றிலும் பெயர். அவளுக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். கோட்டுக்கு உன் கட்டளை இருக்கிறது. தொப்பிக்கு எழுத்து சின்னதாக வர வேண்டும், அதற்கு வேறு கட்டளை வேண்டும். உனக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் நான் யார்? முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவன். ஒரு ஆளையும் நடுமாடியில் தவிக்க விட்டதில்லை, அந்த இரண்டு பேரைத் தவிர. ஒரு எடிட்டர் என்னை என்ன செய்துவிடும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உன் வரியை அப்படியே நகல் எடுத்து, ‘தையல்’ என்ற இடத்தில் ‘தொப்பி’ என்று மாற்றி, எழுத்தின் அளவையும் குறைத்து, எஃப் ஒன்பதை அழுத்தினால், ‘அத்தை என்ற ஃபைல் இல்லை’ என்கிறது. அத்தை சமையலறையில் இருக்கிறாள், இல்லை என்கிறதே என்று நான் உள்ளே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு வந்தேன். அரை நாள் கழித்துத்தான் தெரிந்தது, நான் ‘அத்தை வேலை’ என்று நடுவில் இடம் விட்டு ஃபோல்டருக்குப் பெயர் வைத்ததால் அது ‘அத்தை’யோடு நின்றுவிட்டது என்று. மேற்கோள் குறிக்குள் போட வேண்டுமாம். போட்டேன். அப்போதும் ஓடவில்லை. வளைந்த மேற்கோள் குறி ஆகாதாம், நேரானதுதான் வேண்டுமாம். என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு நிபந்தனை யாரும் போடவில்லை.

கடைசியில் ஓடியது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அத்தை தொப்பியைத் துணி பிடிக்கும் சட்டத்தில் மாட்டினாள், நான் எஃப் ஒன்பதை அழுத்தினேன், ஊசி நாலு தையல் போட்டு, ‘டக்’ என்று சட்டத்தில் இடித்து உடைந்தது. இரண்டாவது ஊசியும் உடைந்தது. மூன்றாவது உடைந்து என் காதோரம் பறந்தது. நான் குறைத்த அளவும் தொப்பிக்குப் பெரிதாக இருந்திருக்கும், வேறென்ன.

"அவ கை வைக்காதீங்கன்னு சொன்னாளா இல்லையா?" என்றாள் உன் அத்தை.

அப்போதே "ஆமாம்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நானோ, "துணி தைக்கிறவளுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?" என்று கத்தினேன். அந்தத் துணி தைக்கிறவள் சம்பாதித்துத்தான் நான் ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டுக்கு வாடகை போகிறது என்பது, வாயை மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

மூன்று நாள் பேச்சு இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மெஷினைப் பார்த்துச் சொன்னாள். "மெஷினே, சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு." "மெஷினே, குளியலறையில பல்பு எரியுது, யாரோ அணைக்கல." நானும் போய் அணைத்துவிட்டு, யாருக்கு என்று தெரியாமல் "சரி" என்றேன். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு நான், நான் முடித்த பிறகு கழுவ அவள். நாற்பது வருஷத்தில் சண்டை நிறைய போட்டிருக்கிறோம், இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

நாலாம் நாள் காலை, மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். நேரில் வாய் வராது. எழுதிப் பார்க்கலாம் என்று அந்த எடிட்டரையே திறந்து டைப் அடித்தேன். அத்தை பெரிய டாக்டரின் கோட்டை மெஷினில் மாட்டிவிட்டு நூல்கண்டு எடுக்க உள்ளே போயிருந்தாள். எழுதி முடித்தேன். ‘எல்லாம் முடிஞ்சதும் எஃப் ஒன்பது’ என்று நீ சொல்லியிருக்கிறாய் இல்லையா, எதை முடித்தாலும் விரல் அங்கேதான் போகிறது. போயிற்று.

மெஷின் ஓட ஆரம்பித்தது.

நான் பாய்ந்து போய் நிறுத்துவதற்குள் அத்தை வந்துவிட்டாள். கோட்டின் பாக்கெட்டில் ‘நான் கத்தியது’ வரைக்கும் வந்திருந்தது. நான் பட்டனைத் தேட, அவள் என் கையைப் பிடித்தாள். நாலு நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"நிறுத்தாதீங்க. முழுசா வரட்டும்."

"டாக்டரோட கோட்டும்மா அது..."

"வரட்டும்ங்கறேன்ல."

உனக்குத்தான் தெரியுமே, அந்த மெஷின் எவ்வளவு மெதுவாகத் தைக்கும் என்று. இருபத்தைந்து நிமிஷம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தோம். ‘நான் கத்தியது தப்பு’ என்று வந்தது. ‘நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்’ என்று வந்தது. "ம்" என்றாள். அடுத்து ‘(முழுவதும் இல்லை, பாதியாவது)’ என்று வர ஆரம்பித்தபோது நான் ஜன்னலைப் பார்த்தேன். "அடைப்புக்குறி வேறயா?" என்றாள். கடைசி வரி, ‘தனியாகச் சாப்பிட்டால் தண்ணீர்கூட இறங்கவில்லை.’ அது தைத்து முடிந்ததும் அவள் குனிந்து நூலை வெட்டினாள். வெட்ட வேண்டியது ஒரு நூல்தான், ரொம்ப நேரம் குனிந்திருந்தாள். பிறகு, "வாங்க, சாப்பிடலாம்" என்றாள். மணி பத்துகூட ஆகவில்லை. சாப்பிட்டோம்.

அதன் பிறகு செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், ‘தொப்பி’ என்று வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதாவது எந்த வால் இருந்தாலும், வாலே இல்லாவிட்டாலும், அந்த ஃபைலைத் தொப்பியாக நினைத்துத் தைத்துவிடு என்று அர்த்தமாம். அதைப் போட்டதாக எனக்குச் சத்தியமாக ஞாபகம் இல்லை. இந்த வீட்டில் வேறு யார் போடுவார்கள்? வயதாகிவிட்டது அம்மா, ஒப்புக்கொள்கிறேன்.

அத்தை வேறு துணி வாங்கி, பெரிய டாக்டருக்குப் புதுக் கோட்டு தைத்தாள். நேற்று அவர் ஆர்டரை எடுக்க வந்தபோது, அந்தப் பழைய கோட்டை அவள் போட்டுக்கொண்டு நின்றாள். டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு பாக்கெட்டை முழுவதும் படித்தார். "தண்ணி இறங்கலையா? எத்தனை நாளா?" என்று என்னைக் கேட்டார். "மூணு நாள் சார்." "மாடா இருந்தா நான் ரெண்டாம் நாளே பாத்திருப்பேன்," என்றார். அத்தை சிரித்த சிரிப்பில் தொப்பிகளை எண்ணவே மறந்துவிட்டாள்.

ஆகவே, தப்பு முழுக்க என்னுடையது. உன் கட்டளைகளை நான் இனி விரலால் தொடுவதில்லை. என் மகனிடம் சொல்லாதே, அவன் அலுவலகம் முழுக்கச் சொல்வான். இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், சேர்ந்தே சாப்பிடுங்கள். நூறு வருஷம் நன்றாக இருங்கள். கடிதத்தை அத்தையிடம் கொடுக்கிறேன், அவள் தபாலில் போட்டுவிடுவாள்.

உன் மாமா

பின்குறிப்பு: அத்தை எழுதறேன்மா. ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சேன். நட்சத்திரம் போட்டது நான்தான். அவர் ‘தொப்பி’ன்னு சரியாத்தான் எழுதியிருந்தார். பேச்சு இல்லாத நாள்ல தொப்பி தைக்க உக்காந்தேன், ஃபைலுக்கு வால் போட மறந்துட்டேன், ஓடல. அவர்கிட்ட எப்படிக் கேக்கறது? உதவிப் பக்கத்துல படிச்சு நட்சத்திரத்த வெச்சேன், அருமையா ஓடுச்சு. அந்த ஊசி மூணும்கூட, நான் சட்டத்தோட கொக்கிய மாட்டாம விட்டதால உடைஞ்சது. அளவு சரியாத்தான் இருந்துது. மாமாகிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா கோட்ட திருப்பிக் கேப்பார்.