ஒரு மணித்தியாலத் தூரம்

இப்போதெல்லாம் தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்லுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்பு இரத்மலானை எத்தனை மைல் என்று சீவரத்தினம் ஊரில் கேட்காத ஆளில்லை. எல்லாரும் "ஒரு மணித்தியாலம்" என்றார்கள். கேட்டதற்கு மறுமொழி சொல்லத் தெரியாத சனத்தை நம்பி ஆகாயத்தில் ஏறலாமா?

ஏறத்தான் வேண்டியிருந்தது. ஒரே மகள் குணலட்சுமி மறுநாள் இரவு கொழும்பிலிருந்து ஜேர்மனிக்குப் போகிறாள். பிறகு எப்போது காண்பதோ.

பிளேனுக்குள் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள்.

"ஏன், நாங்கள் கேக்கக்கூடாததை என்ன கதைக்கப் போறியள்?" என்றார் சீவரத்தினம்.

ஆனால் இயந்திரம் இரைந்ததும் பஞ்சை அடைத்து, மகளுக்குக் கொண்டுபோன காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் பொட்டலத்தை மடியில் இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்த குருநகர் யோசப்பினுக்கும் இதுதான் முதற்பயணம். அவளும் பஞ்சு, மூடிய கண், கையில் செபமாலை.

பிளேன் இறங்கியது. மற்றவர்கள் ஓர் உத்தியோகத்தரைச் சுற்றி நின்று சத்தம் போட்டார்கள். "வந்து இறங்கேல்லை, அதுக்குள்ளை சண்டை," என்று முணுமுணுத்தபடி பஞ்சைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு சீவரத்தினம் வாசலுக்கு நடந்தார். யோசப்பினும் பின்னால் வந்தாள்.

"தங்கச்சி, இது கொழும்பில்லை."

"ஏனண்ணை?"

"மண்ணைப் பார். எங்கடை செம்பாடு."

"அங்கையும் சிவப்பு மண்தானாம். மகன் சொன்னவன்."

"கட்டடமும் அதே கட்டடம்."

"ரெண்டையும் ஒரே கொந்தராத்துக்காரன் கட்டியிருப்பான். ஒரு படத்தைக் கீறி ரெண்டுதரம் காசு வாங்கியிருப்பான்."

இது அவருக்குப் பிடித்துப்போனது. களவு என்றால் அவர் நம்புவார்.

"அப்ப அந்தப் பனை?"

யோசப்பினுக்குப் பொறுமை போய்விட்டது. கைமணிக்கூட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஏறேக்கை மூண்டு. இப்ப நாலு. ஒரு மணித்தியாலம் பறந்தாச்சு. பிறகு இது கொழும்பில்லாமல் குருநகரோ?"

மணிக்கூட்டோடு வாதாட முடியுமா? அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாகச் சீவரத்தினம் ஒருவர் சொன்னதை நம்பினார். நம்பியதும் கால் விரைந்தது. இன்னும் கொஞ்சத்தில் பிள்ளையின் முகம்.

வாசலில் ஒரு கார். சாரதி முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்து, மகள் நிற்கும் இடத்துக்கு வாடகை எவ்வளவு என்று சீவரத்தினம் கேட்டார்.

"மாத்தயா, வெள்ளவத்தை, கீயத?"

துவாய் விலகியது.

"அண்ணை, மத்தியானம் உங்களை உரும்பிராயிலை ஏத்தி இஞ்சை கொண்டுவந்து இறக்கினதே நான்தானே!" என்றான் ஆழ்வாப்பிள்ளை.

உத்தியோகத்தர் பின்னால் ஓடிவந்தார். "ஐயா, எங்கை போறியள்? வழியிலை கடும் மழை, அதுதான் திருப்பிப் பலாலிக்கே வந்தது. மழை விட்டதும் போவம், ஒரு மணித்தியாலந்தான்!"

யோசப்பின் மணிக்கூட்டைப் பார்த்தாள். "போக அரை, வர அரை," என்றாள் மெதுவாக.

சீவரத்தினம் அவளைப் பார்க்கவில்லை.

"காங்கேசன்துறையிலை இரவுக் கோச்சி இருக்கெல்லோ?" என்று ஆழ்வாப்பிள்ளையிடம் கேட்டார்.

"ஓம் அண்ணை. விடிய கொழும்பிலை நிப்பியள். ஏறுங்கோ, ஸ்ரேசனிலை விடுறன்."

"ஸ்ரேசன் எத்தனை மைல்?"

"பத்து நிமிசம், அண்ணை."

சீவரத்தினம் அவனை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். மடியிலிருந்த பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்தார். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காங்கேசன்துறைப் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.